வாய்ப்புற்றுநோயும் வைரஸும்: நோயாளியைக் குற்றவாளியாக்க வேண்டாம்



வாய்ப்புற்றுநோயைப் பற்றிய பேச்சில் அண்மைக் காலமாக ஒரு புதிய சொல் நுழைந்திருக்கிறது: வைரஸ். வெற்றிலை பாக்கினாலும் புகையிலையாலும் மட்டுமல்ல, வைரஸாலும் வாயில் புற்று வருமாம் என்னும் செய்தி கைப்பேசிகளில் வலம் வருகிறது. செய்தி முற்றிலும் பொய்யன்று. ஆயினும் பாதி மட்டும் கேட்கப்பட்ட உண்மை, சில வேளைகளில் பொய்யைவிட அதிகத் தீங்கு செய்துவிடும்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து முஸ்லிம்களாகிய நமக்கு இந்தப் பாதி உண்மை இரண்டு வகையில் தீங்காக முடியும். பாக்கும் புகையிலையும் மெல்லுகின்றவருக்கு அது ஒரு சாக்காகிவிடும்; வைரஸ் வருவதானால் எப்படியும் வரும், இதை விட்டு என்ன பயன் என்று அவர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்வார். இது முதலாவது. அந்த வைரஸ் உடல் நெருக்கத்தின் வழியே பரவக்கூடியது என்பதை எங்கோ கேட்டறிந்தவர், நோயாளியின் உடல்நிலையை விசாரிப்பதற்குப் பதிலாக அவருடைய ஒழுக்கத்தை விசாரிக்கத் தொடங்குவார். இது இரண்டாவது, முதலாவதைவிடக் கொடியது. இவ்விரண்டுக்கும் மருத்துவத்திலும் இடமில்லை, மார்க்கத்திலும் இடமில்லை என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைரஸைப் பற்றி அறிந்தவை

பேசப்படும் வைரஸின் பெயர் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்; சுருக்கமாக எச்.பி.வி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை, அல்லது தோலில் மருவை உண்டாக்கிவிட்டு மறைபவை. 16, 18 போன்ற சில வகைகளே புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடியவை. பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இவ்வைரஸே காரணம் என்று நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த வைரஸ் செயற்படும் முறையும் தெளிவாக அறியப்பட்டுள்ளது. நம் உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகாதபடி காவல் புரியும் புரதங்களை அல்லாஹ் நம் உடலுக்குள்ளேயே அமைத்திருக்கிறான். வைரஸ் உண்டாக்கும் ஈ6, ஈ7 என்னும் இரு புரதங்கள் அக்காவலர்களைச் செயலிழக்கச் செய்கின்றன. காவல் தளர்ந்த உயிரணு, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறக்கூடும். ஆனால் தொற்று ஏற்பட்ட அனைவருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. பெரும்பாலோரின் உடல், ஓரிரு ஆண்டுகளுக்குள் தானாகவே வைரஸை அடக்கிவிடுகிறது.

இதே வைரஸுக்கு வாய்ப்புற்றிலும் பங்கிருக்கலாம் என்னும் கருத்தைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 1983-இல் முன்வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மவ்ரா கில்லிசனும் அவருடைய குழுவினரும், தொண்டைப் புற்றுகளில் ஒரு பகுதி இவ்வைரஸால் உண்டாகும் தனிவகை நோய் என்று காட்டினார்கள்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வாய் வேறு, தொண்டை வேறு. உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் முன்பகுதி ஆகியவை வாய். அடிநாக்கு, டான்சில், அண்ணத்தின் பின்புறத்து மென்பகுதி ஆகியவை தொண்டை. வைரஸ் பெரிதும் குடியேறுவது தொண்டையில். குறிப்பாக டான்சிலின் மடிப்புகளில். அமெரிக்காவில் தொண்டைப் புற்றுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு எச்.பி.வி. தொடர்புடையவை எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அந்த எண்ணை எடுத்து, நம் ஊரில் கன்னத்திலும் ஈறிலும் வரும் புற்றுக்குப் பொருத்திப் பேசுவது பெரும் பிழை.

நம் பக்கத்து ஆய்வுகள் சொல்வது

நம்மைப் போலவே வெற்றிலை பாக்கு மெல்லும் மக்களிடையே வைரஸின் பங்கு என்ன என்னும் கேள்விக்கு விடை தேடியவர்களுள் நம் அண்டை மாநிலத்தின் திருவனந்தபுரத்து ஆய்வாளர்களும் உண்டு. வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கமுடைய இந்தியரின் 91 வாய்ப்புற்றுகளைச் சோதித்து, 1995-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவற்றுள் 74 விழுக்காட்டில் எச்.பி.வி.யின் மரபுப்பொருள் காணப்பட்டது. படித்தவர்கள் திகைத்தார்கள். அப்படியானால் இத்தனை காலம் பாக்கின் மீதும் புகையிலையின் மீதும் சுமத்திய பழி தவறா என்னும் ஐயம் எழுந்தது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2003-இல், உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒன்பது நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டது. இந்தியாவும் அந்த ஒன்பதில் ஒன்று. சோதிக்கப்பட்ட 766 வாய்ப்புற்றுகளுள் 3.9 விழுக்காட்டில்தான் வைரஸ் இருந்தது. தொண்டைப் புற்றுகளில் அது 18.3 விழுக்காடு. மற்றொன்றையும் அவ்வாய்வு சொல்லிற்று: புகைப்பவர்களின் புற்றிலும், வெற்றிலை பாக்கு மெல்பவர்களின் புற்றிலும் வைரஸ் குறைவாகவே காணப்பட்டது. அதாவது, அவர்களுக்குப் புற்று வர வைரஸின் துணை தேவைப்படவில்லை.

74 எங்கே, 3.9 எங்கே? இத்தகைய பெரிய வேறுபாட்டுக்கு ஆய்வு முறைகளும் ஒரு காரணம். மிக நுண்ணிய சோதனைகள், திசுவில் வைரஸின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இருக்கிறது என்று காட்டிவிடும். ஆனால் இருப்பது வேறு, நோயை உண்டாக்குவது வேறு. தீப்பற்றிய வீட்டில் ஒருவர் இருந்தார் என்பதாலேயே தீ வைத்தவர் அவர்தாம் என்று ஆகிவிடாது. அந்த வைரஸின் ஈ6, ஈ7 கூறுகள் உயிரணுவுக்குள் இயங்கிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பழியை அதன் மீது சுமத்த முடியும்.

ஆகவே நடுநிலையான முடிவு இதுதான். வாய்ப்புற்றில் வைரஸுக்குப் பங்கு உண்டு; அது சிறியது. தொண்டைப் புற்றில் அதன் பங்கு பெரியது. நம் வட்டாரத்தில் கன்னத்தையும் ஈறையும் நாக்கையும் அரிக்கும் நோய்க்கு முதற்காரணத்தை நாம் நம் சட்டைப் பையிலும் வெற்றிலைப் பெட்டியிலும்தான் தேட வேண்டும்.

சாக்குச் சொல்ல இடமில்லை

புகையிலை சேர்ந்த வெற்றிலை பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று மேற்சொன்ன பன்னாட்டு முகமை 1985-இலேயே அறிவித்தது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை 2004-இல் வெளியிட்டது. நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான் என்று ஆறுதல் கொள்வோர் இந்த இரண்டாவது அறிவிப்பை மனத்தில் இருத்த வேண்டும். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் கன்னத்தின் உட்திசுவை நாராக இறுகச் செய்கிறது. வாய் சிறிது சிறிதாகத் திறக்க இயலாமற் போகிறது. காரம் பட்டால் எரிகிறது. இந்த இறுக்கம் பலருக்குப் புற்றின் முன்படியாக அமைகிறது.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 1.35 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. 2016-17-இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, வயது வந்த இந்தியருள் 21.4 விழுக்காட்டினர் புகையாப் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். ஐவரில் ஒருவருக்கும் சற்று அதிகம். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வைரஸைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

தமிழக அரசு 2013-ஆம் ஆண்டிலிருந்து குட்கா, பான்மசாலா விற்பனைக்குத் தடை விதித்து வருகிறது. ஆனால் தடைச் சட்டம் பெட்டிக்கடை வரைதான் வரும்; வாய்க்குள் வராது. நூற்பாலையின் இரவுப் பணியில் தூக்கம் வராதிருக்க ஒரு சிட்டிகை, விசைத்தறியின் இரைச்சலில் அலுப்புத் தீர ஒரு சிட்டிகை, வண்டி ஓட்டுகையில் ஒரு சிட்டிகை என்று அது உள்ளே நுழைகிறது. பள்ளி மாணவர்கள்கூட உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே சிறு புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. ஒதுக்கி வைக்கும் அதே இடத்தில்தான் புண்ணும் முளைக்கிறது.

உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்பது திருமறையின் கட்டளை. புகையிலையை மக்ரூஹ் என்று உரைத்த முன்னோரும் உண்டு. அதன் கேடு ஐயமற விளங்கிய பின் ஹராம் என்றே தீர்ப்பளித்த மார்க்க அறிஞர்களும் பலர் உண்டு. இந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் ஒளிந்துகொள்வது நமக்கு அழகன்று. பச்சை வெங்காயமும் பூண்டும் உண்ட வாயோடு பள்ளிவாசலுக்கு வந்து பிறருக்குத் தொல்லை தர வேண்டாம் என்று தடுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். வெங்காயம் ஹலாலான உணவு. அதன் வாடைக்கே இந்தக் கண்டிப்பு. மிஸ்வாக்கை அத்தனை முறை வலியுறுத்திய மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், உளூச் செய்யும் இடத்தில் புகையிலையைத் துப்பிவிட்டு ஸஃப்பில் வந்து நிற்பது முறையா என்று சிந்திக்க வேண்டும்.

அறிக்கை சாட்சி ஆகாது

இனி இரண்டாவது தீங்குக்கு வருவோம். தொண்டைப் புற்று என்று ஐயம் எழுந்தால், மருத்துவர் சதையில் சிறு துண்டை எடுத்துப் பயாப்ஸி சோதனைக்கு அனுப்புவார். அதில் பி16 என்னும் குறியீட்டையும் பார்ப்பது இன்றைய மருத்துவ நடைமுறை. வைரஸால் வந்த நோயா என்பதை அறிய அது உதவுகிறது. அறிக்கையில் 'எச்.பி.வி. தொடர்புடையது' என்று ஒரு வரி வந்துவிட்டால் என்ன நிகழும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பம் அறிக்கையை மடித்து மறைக்கும். மனைவி கணவனை நோக்கி ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்க முடியாமல் விழுங்குவாள். உறவினர் காதோடு காதாகப் பேசுவர். நோயாளியோ, புற்றின் வலியோடு பழியின் வலியையும் சேர்த்துச் சுமப்பார்.

மருத்துவ உண்மையை முதலில் சொல்கிறேன். இவ்வைரஸ் பெரும்பாலும் உடல் நெருக்கத்தின் வழியே பரவுகிறது என்பது மெய்யே. அந்த நெருக்கம் ஹலாலான மணவாழ்விலும் உண்டு. கணவனிடமிருந்து மனைவிக்கும் மனைவியிடமிருந்து கணவனுக்கும் அது செல்லலாம். தம்மிடம் இருப்பதையே அறியாமல் இருவரும் பல்லாண்டு வாழலாம். தொற்று நுழைந்த நாளுக்கும் புற்று தோன்றும் நாளுக்கும் இடையே இருபது, முப்பது ஆண்டுகள்கூடக் கடந்திருக்கக்கூடும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தச் சோதனையாலும் சொல்ல இயலாது. தன் வாழ்நாளில் தன் துணையை அன்றி வேறொருவரை அறியாதவருக்கும் இது வரலாம். ஆகவே அந்த அறிக்கை ஒரு நோயைப் பற்றிய செய்தியே அன்றி ஒரு மனிதரின் நடத்தையைப் பற்றிய செய்தி அன்று.

மார்க்கத்தின் நிலை இதைவிடக் கண்டிப்பானது. கற்பின் மீது பழி சுமத்துவோர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும், கொண்டுவராவிட்டால் எண்பது கசையடி என்று சூரத்துந் நூர் விதிக்கிறது. கண்ணால் கண்ட மூவர் வந்து நின்றாலும் போதாது என்று சொல்லும் சட்டம் அது. அப்படியிருக்க, ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு காகிதத்தை நான்காவது சாட்சியாகவும் முதற்சாட்சியாகவும் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்து தீர்ப்பு வழங்கும் உரிமையை நமக்கு யார் தந்தது? ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கச் சொல்லி, துருவித் துருவி ஆராய்வதையும் புறம்பேசுவதையும் சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. புறம்பேசுவதை இறந்துபோன சகோதரனின் இறைச்சியை உண்பதற்கு அது ஒப்பிடுவதை நாம் ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நோயாளியின் அறிக்கையைப் பற்றிப் பேசுகையில் அது நம் நினைவுக்கு வர வேண்டும்.

இந்தச் சந்தேகம் உள்ளத்தைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை, உயிரையும் வாங்கும். ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சுபவர் கழுத்தில் தோன்றிய கட்டியை மறைப்பார். மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவார். இந்நோயில் நாட்கள் மிக விலையுயர்ந்தவை. வைரஸ் தொடர்புடைய தொண்டைப் புற்று உண்மையில் மருத்துவத்துக்கு நன்கு கட்டுப்படக் கூடியது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய நிலையில் இருந்த தொண்டைப் புற்று நோயாளிகளுள் வைரஸ் தொடர்புடையோரில் 82.4 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளுக்குப் பின்னரும் உயிருடன் இருந்தனர், மற்றவர்களில் 57.1 விழுக்காட்டினரே இருந்தனர். புகைப்பழக்கம் மிகுதியாக இருந்தவர்களுக்கு இந்த நல்வாய்ப்பும் குறைந்தது என்று அதே ஆய்வு கண்டது. குணமாகக்கூடிய ஒரு நோயாளியைப் பழிச்சொல்லுக்கு அஞ்ச வைத்து வீட்டுக்குள் அடைத்தால், அவருடைய உயிருக்கு நாமும் பொறுப்பாளிகள் ஆவோம்.

மற்றொன்றும் தெளிவாக இருக்கட்டும். புற்றுநோய் தொற்றுவதில்லை. நோயாளியின் அருகில் நின்று தொழுவதாலோ, முஸாபஹா செய்வதாலோ, உடன் அமர்ந்து உண்பதாலோ யாருக்கும் அது வராது. அவரை நலம் விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிமின் மீது மற்றொரு முஸ்லிமுக்குள்ள உரிமைகளில் ஒன்று. அந்த உரிமையைப் பறிக்க நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

விதியும் முன்னெச்சரிக்கையும்

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், வருவது வந்தே தீரும், தடுப்பூசியும் பரிசோதனையும் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்களுடைய ஈமானை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உமர் (ரலி) அவர்களின் ஈமானைவிட நம் ஈமான் பெரியதன்று. ஷாம் தேசம் நோக்கிப் படையினருடன் சென்ற அவர்கள், ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியைக் கேட்டார்கள். தோழர்களுடன் கலந்து பேசி, திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கித்தான் செல்கிறோம் என்னும் கருத்தில் விடை தந்தார்கள். ஒட்டகம் மேய்ப்பவன் வறண்ட கரையைவிட்டுப் பசுமையான கரைக்கு ஓட்டிச் சென்றாலும் அதுவும் விதியே என்று விளக்கினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்களே கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

நோயைப் படைத்த இறைவன் அதற்குரிய மருந்தையும் படைத்திருக்கிறான் என்று நபிமொழி நமக்குக் கற்பிக்கிறது. மருந்தைத் தேடுவது விதியை மறுப்பதன்று. விதிக்குள் நமக்கு விடப்பட்ட வேலையைச் செய்வது.

தடுப்பூசி பற்றிய தயக்கம்

எச்.பி.வி.க்குத் தடுப்பூசி உண்டு. புனேயில் உருவாக்கப்பட்ட உள்நாட்டுத் தடுப்பூசி 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அறிமுகமாயிற்று. 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைச் செலுத்தத் தமிழக அரசு 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. இதன் முதல் நோக்கம் கருப்பைவாய்ப் புற்றைத் தடுப்பது. வாய்க்கும் தொண்டைக்கும் இது பயன்படுமா என்னும் கேள்விக்கும் நல்ல அறிகுறிகள் உண்டு. கோஸ்டாரிகா நாட்டில் நடந்த ஆய்வில், தடுப்பூசி பெற்று நான்கு ஆண்டுகளான பெண்களின் வாயில் 16, 18 வகை வைரஸ் தொற்று, பெறாதவர்களைவிட 93 விழுக்காடு குறைவாக இருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளின் தடுப்புக்கும் இதை ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் சிறுவர்களுக்கும் இதைச் செலுத்துகின்றன.

ஒரே ஊசி போதும் என்று இன்று உலகம் நம்புவதற்குத் தந்த சான்றுகளில் ஒன்று நம் தமிழ் மண்ணிலிருந்தும் சென்றது. 2009-இல் இந்தியாவில் பல இடங்களில் 10 முதல் 18 வயது வரையுள்ள சிறுமியரிடம் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு தொடங்கிற்று. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையும் அவற்றுள் ஒன்று. வேறொரு திட்டத்தைப் பற்றி எழுந்த சர்ச்சையால் 2010-இல் அரசு இத்தகைய ஆய்வுகளில் ஊசி செலுத்துவதை நிறுத்தச் சொன்னபோது, பல்லாயிரம் சிறுமியர் ஒரே ஊசியோடு நின்றுவிட்டனர். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுதோறும் கண்காணித்தனர். நீடித்த தொற்றைத் தடுப்பதில் ஒற்றை ஊசியும் 95 விழுக்காடு பயன் தந்ததாக 2021-இல் முடிவு வெளியாயிற்று. உலக சுகாதார அமைப்பு 2022-இல் ஒற்றை ஊசி முறையையும் ஏற்றுக்கொண்டது.

ஒழுக்கமுள்ள என் மகளுக்கு இந்த ஊசி எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு கேள்வி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் நம் குழந்தைக்கு ஹெபடைடிஸ்-பி ஊசி போடுகிறார்களே, அதை நாம் மறுக்கிறோமா? அந்த வைரஸும் உடல் நெருக்கத்தின் வழியே பரவக்கூடியதுதான். அதுவும் கல்லீரலில் புற்றை உண்டாக்குவதுதான். பச்சிளங்குழந்தையின் ஒழுக்கத்தைப் பற்றி எவரும் ஐயுறவில்லை. பிற்காலத்தில் அதைத் தீண்டக்கூடிய ஒரு நோயை முன்கூட்டியே தடுக்கிறோம், அவ்வளவே. நம் மகள் பத்தினியாக வாழ்வாள், இன்ஷா அல்லாஹ். அவள் கைப்பிடிக்கும் கணவனின் கடந்த காலத்துக்கு நம்மால் உறுதி கூற இயலுமா? நாம் காக்க வேண்டியது அவளுடைய உடலை. பெயரைக் காக்கிறோம் என்று எண்ணி உடலைக் காவலின்றி விடுவது தந்தையின் பொறுப்பாகாது. மலேசியா போன்ற முஸ்லிம் பெரும்பான்மை நாடு 2010-ஆம் ஆண்டிலிருந்தே பள்ளி மாணவியருக்கு இதைச் செலுத்தி வருகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்த ஊசி பாக்கையும் புகையிலையையும் ஹலாலாக்குவதில்லை. கன்னத்தில் வரும் புற்றில் பெரும்பகுதியை அது தடுக்காது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

செலவில்லாத ஒரு வழியைத் திருவனந்தபுரம் நமக்குக் காட்டியிருக்கிறது. 1996-இல் அம்மாவட்டத்தில் 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1.9 இலட்சம் பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. ஒரு பிரிவினரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் சென்று, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் செய்து உள்ளே பார்த்தார்கள். ஐயத்துக்குரிய படலத்தையோ புண்ணையோ கண்டால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005-இல் முடிவு வெளியானபோது, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. தேவைப்பட்டவை ஒரு விளக்கும் பயின்ற ஒரு கண்ணும்தான்.

நம் பள்ளிவாசல்களில் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ, ஜும்ஆவுக்குப் பின் பல் மருத்துவர் ஒருவரை அழைத்து வாய்ப் பரிசோதனை முகாம் நடத்தலாம். பெண்களுக்கு மதரஸாவில் தனியே ஏற்பாடு செய்யலாம். வெற்றிலை போடும் நம் வீட்டு மூதாட்டியரை யாரும் முகாமுக்கு அழைப்பதில்லை. நிக்காஹ் விருந்திலும் வலீமாவிலும் வெற்றிலைப் பாக்குத் தட்டை நிறுத்திவிட்டு, பேரீச்சம்பழமோ சோம்போ வைக்கலாம். பாக்கு வைப்பது மார்க்கத்தின் சுன்னத் அன்று. ஊர் வழக்கம் மட்டுமே. வழக்கத்தை மாற்றுவதற்கு ஃபத்வா தேவையில்லை. நான்கு பெரிய குடும்பங்கள் முன்வந்தால் போதும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எளியவை. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ தோன்றும் படலம், வாய் முன்போலத் திறவாமை, காரணமின்றி ஆடும் பல், விழுங்குகையில் வலி, ஒரு பக்கக் காதுக்குப் பரவும் வலி, கழுத்தில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. நம் ஊர் அரசு மருத்துவமனையில் காட்டத் தொடங்கலாம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் எட்டும் தொலைவில்தான் உள்ளது. ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. பேருந்துச் செலவும், துணைக்குச் செல்ல ஓர் ஆளும் இல்லாமையே பலருக்குத் தடையாகிறது. பைத்துல்மால் அதைத் தாங்கலாம். நம் இளைஞர்கள் துணைக்குச் செல்லலாம்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் மருத்துவத் துணி, நாட்டின் பல மருத்துவமனைகளில் முகமறியா மனிதரின் புண்களைக் கட்டுகிறது. கட்டுப்போடும் செவிலியர், இந்தப் புண் எப்படி வந்தது, இவன் நல்லவனா கெட்டவனா என்று விசாரித்துவிட்டுக் கட்டுவதில்லை. அந்தத் துணியை நெய்யும் மண்ணில் வாழும் நமக்கும் அந்தப் பண்பு இருக்க வேண்டும். புகையிலையால் வந்ததாயினும், வைரஸால் வந்ததாயினும், இரண்டும் இன்றி வந்ததாயினும், நோயாளி நம் சகோதரர்; நோய்தான் நம் பகை.

நம் நாவுகளைப் புற்றிலிருந்தும் புறம்பேசுதலிலிருந்தும் அல்லாஹ் பாதுகாப்பானாக. நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.